மணி அடிக்காத உச்சிவேளை

அத்தி வரதர் குளத்தை விட்டு வெளியே எழுந்தருளியிருக்கிற வருஷம் இது. நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவர். போன தடவை அவர் வந்தபோது எனக்குக் கல்யாணமான புதுசு. பெண்சாதியை நெல் வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். இந்தத் தடவை அவளும் இல்லை, எனக்கும் அந்தக் கூட்டத்தில் நிற்கத் தெம்பில்லை. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பாவு நீட்ட இடமில்லை என்று நெசவுக்காரர்கள் காலையிலிருந்து முனகிக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் யாராவது அப்பாண்டை நயினார் எந்த வருஷம் போனார் என்று கேட்டால், அத்தி வரதர் வந்த வருஷம் என்று சொன்னால் போதும்.

சேதி கொண்டுவந்தவர் மாகறல் பக்கமிருந்து சைக்கிளில் பால் எடுத்து வருகிறவர். கேனை இறக்காமல் காலை மட்டும் ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"ஏழுமல, உன் நயினாரு பூட்டாருபா."

"எப்போ?"

"விடியல்ல. நீ எப்பிடிப் போவ? ரோட்டுல எறும்பு பூந்து வரக்கூட வழி இல்ல."

நடந்தே போனேன். ஊரே காஞ்சிபுரத்துக்குள் வந்துகொண்டிருந்தது, நான் ஒருத்தன் வெளியே போய்க்கொண்டிருந்தேன். இடித்தவர்கள் என்னைத் திட்டினார்கள். "பெருசு, சாமி அந்தண்ட இருக்குது, இந்தண்ட இல்ல" என்று ஒருவர் என் தோளைப் பிடித்துத் திருப்பிவிடப் பார்த்தார். அவர் கையை விலக்கிவிட்டு நடந்தேன். செய்யாற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து புகை மட்டும் இருந்தது.

கரையில் நின்றவர்கள் மெதுவாக ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நயினார் தினமும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அவர்கள் ஊர்ச் சமணக் கோயிலான ஜினாலயத்துக்குப் போவார். ஆனால் உள்ளே போகமாட்டார். வெளிப்படியில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். மழையிலும் அப்படித்தான். இத்தனை வருஷம். ஏன்? பங்காளியோடு சண்டை என்றார் ஒருவர். ஏதோ விரதம் என்றார் இன்னொருவர். "கழுகுக்குக் கறி போட்டவராம்ல" என்று ஒருவர் சொன்னதும் மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் யார், என்ன தொழில் செய்தவன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நயினாரின் மருமகன் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். எனக்குத் தெரியும் என்றேன். நான் கைநாட்டு, நீங்கள் எழுதுவதானால் சொல்கிறேன் என்றேன். எழுதுகிறேன் என்றார். ஆகவே அவரைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

என் தொழில் செத்த மாடு ஏற்றுவது. நெல் வண்டி கட்டிப் பிழைக்க முடியாமல் போனபின், ஊர்களில் தானாகச் செத்த மாடுகளை ஏற்றிக்கொண்டுபோய்த் தோலை உரித்துக் காஞ்சிபுரத்தில் தோல் மண்டி சாயபுவிடம் போடுவேன். நயினாரின் ஊருக்கும் போவேன். என் வண்டி வருகிற தெருவில் ஜன்னல்களைச் சாத்துவார்கள். நயினார் மட்டும் மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு தெருவில் நிற்பார். மாடு எப்படிச் செத்தது என்று கேட்பார். கழிச்சலா, பாம்பா, கிழடா. சொன்னதும் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டுத்தான் வழிவிடுவார்.

அவர் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். பொழுது சாய்ந்தால் வாயில் ஒரு பருக்கை போகாது. பட்டு உடுத்தமாட்டார், வீட்டில் யாரையும் உடுத்த விடவும் மாட்டார். காஞ்சிபுரத்துக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு, பெண் கல்யாணத்துக்கு முகூர்த்தச் சேலை பருத்தியில் எடுத்தவர். "நயினாரே, புழு உங்க கிட்ட வந்து அழுவுதா?" என்று ஒரு தறிக்காரர் சீண்டினார். "அழுவுது. உனக்குத்தான் தறி சத்தத்துல கேக்கல" என்றார் நயினார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

குடிதண்ணீருக்கு ஜனங்கள் வரிசையில் நின்ற பஞ்ச காலத்தில் அது நடந்தது. நரித் தொல்லை என்று யாரோ செத்த காளை ஒன்றில் பயிருக்கு அடிக்கிற பூச்சி மருந்தைத் தடவி ஆற்றுமணலில் போட்டுவிட்டார்கள். நரி செத்ததோ இல்லையோ, சுற்றிலும் நாயும் காக்கையும் கழுகும் கிடந்தன. தோலுக்காகப் போன நான் வண்டியிலிருந்து இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கழுகில் இரண்டு மட்டும் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. மஞ்சள் மூஞ்சி, வெள்ளை உடம்பு, சிறகு ஓரத்தில் கறுப்பு. ஒன்றுக்குச் சிறகு ஒடிந்து தொங்கியது. இன்னொன்று நிற்க முடியாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. கரையில் நயினார் நின்றார்.

"ஏழுமல, அந்த ரெண்டையும் ஏத்து."

"எங்க போறது நயினாரே?"

"எங்க வூட்டுக்கு."

அதுவரை என் வண்டி அவர் வீட்டு வாசலில் நின்றதில்லை. அன்றைக்கு நின்றது. அவர் சம்சாரம் பத்மாவதி அம்மா வெளியே வந்து பார்த்தார்கள். என்னையும் பார்த்தார்கள், கழுகுகளையும் பார்த்தார்கள். "மாட்டுக் கொட்டாயில விடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

கழுகுகள் பிழைத்துவிட்டன, ஆனால் பறக்கிற வழி இரண்டுக்கும் இல்லை. சோறும் வெல்லமும் நெய்யும் பிசைந்து வைத்தார் நயினார். கொஞ்சம் கொத்தின. நாளுக்கு நாள் இளைத்தன. நான் சொன்னேன், தானாகச் செத்ததுதானே, ஒரு துண்டு கொண்டுவருகிறேன் என்று. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் அவராகவே தெருவில் என்னை நிறுத்தினார். முகம் வாடியிருந்தது.

"கொல்றது பாவம். பட்டினி போட்டுப் பாத்துக்கினு இருக்கறதும் அதேதான். கொண்டா. ஆனா தானா செத்ததா இருக்கணும். நீதான் போடணும். நான் அந்தண்ட திரும்பிக்கறேன்."

அப்படித்தான் செய்தோம். கொட்டாயின் பின்பக்கத்துத் தட்டியைத் தூக்கி நான் உள்ளே போடுவேன். அவர் முன்பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். "துன்னுதா?" என்பார். "துன்னுது நயினாரே" என்பேன்.

அதிலும் ஒரு சங்கடம் வந்தது. செத்த மாடு தினமும் கிடைக்காது. கழுகுகள் காத்திருக்கும். நயினாரும் காத்திருப்பார். ஒருநாள் அவர் பொறுக்காமல் காஞ்சிபுரத்துக்கே வந்து தோல் மண்டி வாசலில் நின்று, "இன்னிக்கி எங்கியாவது எதாவது செத்துதா?" என்று கேட்டுவிட்டார். சாயபு வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னா நயினாரே! எறும்ப மிதிச்சா நாலு நாள் பட்டினி கெடக்கறவரு நீங்க. மாடு சாவணும்னு வேண்டிக்கினு வந்து நிக்கிறீங்களா? நான்கூட அப்பிடி வேண்டிக்கிறதில்ல, அல்லா சாட்சியா!"

சாயபு நல்ல மனுஷர், கேலியாகத்தான் சொன்னார். நயினார் சிரிக்கவில்லை. அங்கிருந்து நடந்து ஊர் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கும் மறுநாளும் சாப்பிடவில்லை என்று பத்மாவதி அம்மா சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. என் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு மட்டும் நிற்பார்.

இந்த நேரத்தில்தான் பூசாரி கோவிந்தன் வந்தார். வந்தவாசிக்கு அப்பால் ஒரு மொட்டை மலை. அதன் மேலே சின்னதாக ஒரு கோயில். தினமும் உச்சிவேளையில் மணி அடித்துப் பாறையில் பொங்கல் வைத்தால் இரண்டு வெள்ளைக் கழுகு இறங்கிவந்து சாப்பிடும், அதைப் பார்க்க நாலு பேர் மலை ஏறி வருவார்கள். விஷம் வைத்த அந்த நாளிலிருந்து கழுகு வரவில்லை. காணாமல் போன எருமையைத் தேடுகிற மாதிரி ஊர் ஊராக விசாரித்துக்கொண்டே எங்கள் பக்கம் வந்துவிட்டார். கொட்டாயில் கழுகுகளைப் பார்த்ததும் கீழே விழுந்து கும்பிட்டார்.

"நம்ம சாமிங்கதான் நயினாரே. குடுத்துடுங்க, தூக்கிக்கினு போறேன்."

"பறக்காதத மலைல வெச்சி இன்னா பண்ணுவ? நரி வாயில குடுக்கறதுக்கா?"

அவர் அழுதுகொண்டே போனார். ஆனால் மறு வருஷம் மாசி மாதம் கொட்டாய் மூலையில் பெண் கழுகு முட்டை வைத்தது. கழுகு கூட்டுக்குக் கந்தலும் மயிரும் தேடும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் தறியில் கழித்துப்போட்ட பட்டு நூலை ஒரு கோணி நிறையக் கொண்டுபோனேன். நயினார் கோணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அதற்குள் கழுகு வந்து ஒரு கொத்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. "போவட்டும். என் வூட்டுல பட்டு உடுத்தற மொத ஆளு அதுதான்" என்றார்.

பொரிந்தது ஒரே ஒரு குஞ்சு. வெள்ளையாக இருக்கும் என்று நினைத்தால் கன்னங்கரேல் என்று வளர்ந்தது. கோவிந்தன் வந்து பார்த்துவிட்டு, "இன்னா நயினாரே, கோழி களவாடற பருந்து மாதிரி இருக்குது?" என்றார். வயசானால் வெளுக்கும் என்று நயினார் சொன்னார். நமக்குத் தலை வெளுக்கிறதில்லையா, அப்படித்தான் என்றார்.

குஞ்சைப் பறக்க வைத்து மலையில் கொண்டுபோய் விடுவது என்று பேசி முடித்தார்கள். தப்பு அங்கேதான் நடந்தது. தப்பு என்று எங்கள் மூன்று பேருக்கும் அப்போது தெரியவில்லை, நல்ல யோசனை என்றே நினைத்தோம். மலையில் உச்சிவேளைக்கு மணி அடிக்கும், மணி சத்தம் கேட்டால் சோறு என்று குஞ்சுக்குத் தெரிந்திருந்தால் அது பட்டினி கிடக்காது என்றார் கோவிந்தன். கோயிலில் கிடந்த பழைய கைமணி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் தீனி போடுகிறபோதெல்லாம் நயினார் முதுகைக் காட்டி நின்றபடி மணி அடித்தார். குஞ்சு மணிக்குத் தலையைத் தூக்கும், சிறகை விரிக்கும், ஓடிவரும். பத்மாவதி அம்மா வீட்டில் பூஜை மணி அடித்தாலும் ஓடிவரும். நாங்கள் கைதட்டிச் சிரித்தோம்.

ஆனி மாதம் என் வண்டியில்தான் மலைக்குக் கொண்டுபோனோம். விடியலில் கட்டினால் சாயங்காலம் சேரலாம். மலையில் பாதி உயரத்தில் ஒரு குகை. அதற்கு மூங்கில் தட்டி கட்டிக் குஞ்சை வைத்து, கோவிந்தனின் சம்சாரம் பச்சையம்மா தினமும் மணி அடித்துத் தீனி கொடுத்தாள். பிறகு ஒருநாள் தட்டியை எடுத்துவிட்டாள். அது பறந்தது. உச்சிக்கு மணி அடித்ததும் திரும்பி வந்து பாறையில் உட்கார்ந்தது. மலையில் மறுபடியும் ஜனம் சேர ஆரம்பித்தது. கோவிந்தனுக்குக் கால் தரையில் படவில்லை.

ஐப்பசிக்குள் வேறு சேதிகள் வந்தன. கழுகு பள்ளிக்கூடத்து மணிக்கு இறங்கி நடுவாசலில் உட்கார்ந்ததாம். சோன்பப்டி விற்கிறவன் மணி அடித்துக்கொண்டு போனால் அவன் வண்டிக்குப் பின்னாலேயே மரம் மரமாகப் போனதாம். ஒரு வீட்டில் பூஜை மணி கேட்டுக் கூரையில் இறங்கிவிட்டது. கழுகு உட்கார்ந்த வீடு விளங்குமா என்று கொள்ளிக்கட்டையை எடுத்து வீசியிருக்கிறார்கள். இறகு கருகிப்போயிருந்தது. மேலே வேறு கழுகு பறந்தால் அதன் பின்னால் போகவில்லை, செத்த மாடு கிடந்தால் அதைப் பார்க்கவில்லை. எந்த ஊரில் மணி அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தது.

நயினார் மலைக்கு வந்து அதைப் பார்த்தார். பாறையில் உட்கார்ந்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"கால்ல கட்டியிருந்தா அவுத்துடலாம் ஏழுமல. காதுல கட்டிட்டோமே."

உச்சிக்கு மணி அடிப்பதை நிறுத்த வேண்டும் என்றார். கோவிந்தன் துள்ளினார்.

"இன்னா பேசறீங்க நயினாரே? மணி இல்லாம பூசையா? உங்க சாமி வேற, கண்ண மூடிக்கினு உக்காந்திருக்கும். எங்க சாமிக்கு மணி அடிக்கணும்!"

"காலைல அடி, சாயங்காலம் அடி. உச்சில மட்டும் வேணாம்."

"உச்சிலதான் ஜனமே வருது! அது துன்றத பாக்கத்தான மலை ஏறி வரானுங்க!"

"அதனாலதான் கேக்கறேன்."

பச்சையம்மா பானை கழுவிக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு எழுந்து, கட்டியிருந்த பழஞ்சேலையின் முந்தானையைக் கிழித்து நனைத்து, மணிக்குள்ளே கையை விட்டு அதன் நாக்கில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"பொம்பள மணிய தொடக்கூடாதுடி!" என்றார் கோவிந்தன்.

"தொட்டாச்சி. இப்ப கயித்த இழுத்துக்கோ. சாமிக்குத் தெரியும் நீ அடிக்கறேன்னு. கழுகுக்குத்தான் தெரியக்கூடாது."

கோவிந்தன் முறைத்துக்கொண்டே கயிற்றை இழுத்தார். மணி ஆடியது. சத்தம் வரவில்லை.

என் பங்குக்கு நான் என் மாடுகளின் கழுத்து மணிகளை அவிழ்த்துவிட்டேன். மலைக்குப் பின்பக்கம் சத்தமில்லாமல் போய் உரித்த மாட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும், கழுகு தானாகப் பார்த்து இறங்கவேண்டும் என்பது நயினாரின் ஏற்பாடு. மொட்டைக் கழுத்து மாடுகளைப் பார்த்து மற்ற வண்டிக்காரர்கள் சும்மா விடவில்லை. "என்னா ஏழுமல, மாட்டுக்குத் தாலி அறுத்துட்டியா?" என்றான் ஒருவன். இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

போட்டதையெல்லாம் நாய்கள் தின்றன. கழுகு மணிக்கு எதிரில் பாறையில் உட்கார்ந்தே இருந்தது. நாய் ஏற முடியாத உயரத்தில் கொண்டுபோய்ப் போட்டால்தான் உண்டு என்று புரிந்தது. முழு மாட்டை அங்கே எப்படி ஏற்றுவது? துண்டு போட்டுத் தூக்கிப் போகலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில் வண்டிச் சக்கரம் என் காலில் ஏறிவிட்டது. எலும்பு முறிந்து வீட்டில் கிடந்தேன். மற்ற வண்டிக்காரர்கள் கழுகுக்காக அவ்வளவு தூரம் போகமாட்டோம் என்றுவிட்டார்கள்.

தை மாதம், மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரரிடம் பச்சையம்மா சொல்லியனுப்பினாள். கழுகு எழுந்திருக்கவில்லை, செத்துவிடும் போல இருக்கிறது, துணியை அவிழ்த்து மணி அடிக்கட்டுமா என்று. வண்டிக்காரர் அதை முதலில் என்னிடம் சொன்னார், பிறகு நயினாரிடம் போய்ச் சொன்னார். அடித்தால் அது பிழைக்கும். பிழைத்துக் கூரை கூரையாகப் பிச்சைக்குப் போய் ஒருநாள் அடிபட்டுச் சாகும். அடிக்காவிட்டால் அங்கேயே சாகும். இரண்டில் எதைச் சொன்னாலும் ஒரு உயிர் போகும். நயினார் வண்டிக்காரரிடம், "அடிக்க வேணாம்னு சொல்லு. நான் வரேன்னு சொல்லு" என்றாராம்.

அன்றைக்கு விடியலில் அவர் வீட்டுப் பசு போட்டிருந்த கன்று செத்துப்போயிருந்தது. பிறந்ததிலிருந்தே எழுந்து நிற்காத கன்று. அதைப் புதைக்கக் குழி தோண்டியிருந்தார்கள். இனி நடந்ததைப் பச்சையம்மா என் வீட்டுக்கு வந்து, என் கால்மாட்டில் உட்கார்ந்து சொன்ன மாதிரியே சொல்கிறேன்.

"நயினாரு அவரே வண்டி ஓட்டிக்கினு வந்தாருண்ணா. வைக்கல் போட்டு மூடியிருந்தாரு. மூட்டைன்னு நெனச்சேன். பாத்தா கன்னுக்குட்டி. எங்க ஊட்டுக்காரரு கிட்டயே வரமாட்டேன்னு கோயில் உள்ள பூந்துக்கினாரு. நயினாரு அத தோள்ல போட்டுக்கினு ஏறறாரு. நடுவுல நடுவுல நிக்கறாரு, மூச்சு வாங்குது. நான் தூக்கறேன் குடுங்கன்னேன். இது என் வூட்டுது, நான்தான் தூக்கணும்னாரு. மேல தட்டுப்பாறைல போட்டாரு. கழுகு அந்தண்ட உக்காந்து பாக்குது. தோலு மேல மூடியிருக்குதே, அதுக்கு மூக்கால கிழிக்க வருமா? நயினாரு என் இடுப்புல இருந்த கருக்கருவாள கேட்டாரு."

நயினாரின் மருமகன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுதுங்க தம்பி. அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

"திரும்பிக்கினு பண்ணலாம்னு பாக்கறாரு போல, முடியல. அப்பறம் நேரா உக்காந்து, கன்னு மூஞ்சிய தடவிக் குடுத்துட்டு, வயித்த கிழிச்சாரு. எதோ சொல்லிக்கினே இருந்தாரு வாயில. அப்பறம் என்ன இழுத்துக்கினு கீழ இறங்கி, பாறை பின்னால ஒளிஞ்சிக்கினோம். மணியும் இல்ல, ஆளும் இல்ல. ரொம்ப நேரம் ஒண்ணும் ஆவல. அப்பறம் அது எழுந்து நொண்டிக்கினு வந்துதுண்ணா. சுத்திச் சுத்தி வந்துது. கொத்துச்சி. நயினாரு துண்ட வாயில வெச்சிக்கினு அழுதாரு. நல்லதுக்கு அழுதாரா கெட்டதுக்கு அழுதாரான்னு எனக்குத் தெரியல."

மறுநாள் சாயங்காலம் நயினார் வீடு திரும்பினார். பத்மாவதி அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, குழி வெறுமையாகக் கிடந்ததே. வெந்நீரை எடுத்து வைத்துவிட்டு, "சீக்கிரம் குளிச்சிட்டு வாங்க, பொழுது சாயப் போவுது" என்றார்கள். பொழுது சாய்ந்தால் அவர் சாப்பிடமாட்டாரே, அதுதான் கவலை. அவர் பொழுது சாயும் வரை குளித்துக்கொண்டே இருந்தார்.

அதற்கு மறுநாளிலிருந்துதான் கோயில் வெளிப்படி. யாரும் அவரை நிறுத்தவில்லை. ஊர்ப் பெரியவர் வந்து, இதற்குப் பரிகாரம் இருக்கிறது, உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டார். "பரிகாரம் பண்ணா மறுபடி பண்ணமாட்டேன்னு சொல்லணும். ஒரு உசுரு பட்டினியா கெடந்தா மறுபடியும் பண்ணுவேனே" என்றார் நயினார். அதனால் வெளியே நின்றார். சண்டையும் இல்லை, விரதமும் இல்லை. பொய் சொல்ல மனசில்லாதவர், அவ்வளவுதான்.

என் கால் தேறி நான் போய்ப் பார்த்தபோது, இரண்டு கையையும் என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"நாறுதா பாரு."

"இல்ல நயினாரே."

"எனக்கு நாறுது. நீ எத்தினி வருசமா இந்தத் தொழில் பண்ற, உனக்கு எப்பிடிப் போவுது?"

"போவாது நயினாரே. பழகிடும்."

அவர் தலையை ஆட்டினார். நாங்கள் இரண்டு பேரும் கொட்டாய் ஓரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அதற்கு முன்னால் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

கழுகு அதன்பிறகு பாறையை விட்டுப் போனது. கொஞ்ச நாள் மலைக்கு மேலே வட்டம் போடுவதைப் பச்சையம்மா பார்த்தாள், பிறகு அதுவும் இல்லை. உச்சிக்கு ஜனம் வருவது நின்றது. கோவிந்தன் நயினாரை வாழ்நாள் முழுக்கத் திட்டினார், ஆனால் துணியை மட்டும் அவிழ்க்கவில்லை. சில வருஷம் கழித்து மலையின் செங்குத்துப் பக்கத்தில் இரண்டு கழுகு உட்கார்ந்திருப்பதாகச் சேதி வந்தது. ஒன்று வெள்ளை, ஒன்று பாதி வெளுத்தது. அதுதானா என்று யார் சொல்ல முடியும்? நான் மலைக்குக் கைமணியைக் கொண்டுபோய் அடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். நயினாருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"வந்துட்டா இன்னா பண்ணுவ? நம்மள மறந்திருந்தாத்தான் அது பொழச்சிக்கினு இருக்குதுன்னு அர்த்தம்."

இப்போது வண்டியும் இல்லை, மாடுகளும் இல்லை. அவிழ்த்த கழுத்து மணிகள் மட்டும் என் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. எத்தனையோ பேர் விலைக்குக் கேட்டார்கள். திரும்பவும் ஒரு மாட்டுக்கு அவற்றைக் கட்ட மனசு வரவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அதுதான். அதுவும், நாறுதா பாரு என்று என்னிடம் நீட்டிய அந்த இரண்டு கையும்.

சாயபு போய்விட்டார். கொட்டாயில் இருந்த கழுகு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பத்மாவதி அம்மா போய்ச் சேர்ந்தார்கள். கோவிந்தன் போன மழைக்காலத்தில் போனார். இப்போது நயினார். கன்று விஷயம் நான் கேட்டுச் சொன்னது, கண்ணால் கண்டதில்லை என்று யாராவது நினைத்தால், வந்தவாசி பஸ்ஸில் ஏறி இறங்கி, அந்த மலைக்கு உச்சிவேளையில் போய்ப் பாருங்கள். கயிற்றை இழுத்துக்கொண்டு ஒருத்தி நிற்பாள். மணி ஆடும், சத்தம் வராது. நயினார் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறியதைப் பார்த்தவர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறவள் அவள்தான். பச்சையம்மா.